எது பிரிந்துபோன பெட்டி?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகளின் மாமனார் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் என் வலது கண்ணும் இரண்டு காதுகளும் மட்டுமே அடக்கம். இடது கண் மூடியது மூடியபடி இருக்கிறது. மேலுதடு எனக்கு ஒரு முழம் முன்னால் நடந்து போகிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரிகள் மேடேறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலைக்குத் தாங்கள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்திக்குச் சம்பந்தி ஒரு மரியாதை உண்டு. தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த தேனீப் பெட்டி காரணம் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெட்டியைத் தாங்கள் கொடுத்தது என் மகனுக்கும் தங்கள் மகளுக்கும்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் மகன் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் ஊராரின் கண்ணைச் சோதிக்க ஆரம்பித்தால் இருட்டின பிறகுதான் வருகிறான். மருமகள் மருந்துக்கடையில் நிற்கிறாள். பொழுதுக்கும் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு மொட்டை மாடியில் ஒரு வாசலைக் கொடுத்து, அந்த வாசல் வழியாக நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக ஆயிரக்கணக்கில் வண்டிகளையும் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். புத்தகம் வாங்கித் தருகிறேன் என்றான் மகன். வேண்டாம் என்றேன். பணிமனையில் எனக்கு யார் புத்தகம் கொடுத்தார்கள்? பார்த்தேன், புரிந்துகொண்டேன், நடத்தினேன். எந்தத் தேனீ மகரந்தம் ஏற்றி வருகிறது, எது காலியாகத் திரும்புகிறது, எது வாசலில் நின்று வெட்டிப் பேச்சு பேசுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. கூட்டமும் பெருகியது. பெட்டியின் மூடியைத் திறந்தால் திருவிழாக் கூட்டம்போல நெரிசல். சாயங்காலம் ஆனால் உள்ளே இடமில்லாமல் வாசலுக்கு வெளியே தாடிபோலத் தொங்கின.

அப்பொழுதுதான் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். என் வீட்டுக்காரி காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் தங்கள் குரலை வீட்டுக்கே கேட்கும்படி வைத்திருந்தாள். தாங்கள் சொன்ன வார்த்தை அப்படியே என் காதில் இருக்கிறது. "கூட்டம் பெருத்துப்போச்சுன்னா பிரிச்சு வச்சிடணும் சம்பந்தி. நாமளா பிரிக்கலைன்னா அதுவா ஒரு நாள் கிளம்பிப் போயிடும்." தாங்கள் தேனீயைப் பற்றித்தான் சொன்னீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சமயத்தில் என் மகன் மருமகளைப் பார்த்தான், மருமகள் என் மகனைப் பார்த்தாள், என் வீட்டுக்காரி கத்தரிக்காயைப் பார்த்தாள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விஷயம் வெடித்தது.

"அப்பா, ரெண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு பாத்திருக்கோம். சாவி வாங்கியாச்சு" என்றான்.

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்லப்பா. இடம் பத்தல."

இடம் பத்தலையாம்! சம்பந்தி, தாங்களே நியாயம் சொல்லுங்கள். அவர்கள் அறையில் கட்டிலுக்கு அடியில் காலிச் சட்டங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த மரச்சட்டங்களில்தானே தேனீ அடை கட்டுகிறது, அவற்றை வெயிலில் போட முடியுமா? கதவுக்குப் பின்னால் என்னுடைய முகவலையும் முழுக்கைச் சட்டையும் தொங்குகின்றன. மருமகளின் மேசையில் மெழுகு உருக்கும் பாத்திரம் ஒன்று, புகை போடும் டப்பா ஒன்று, உதிரி மூடி இரண்டு. இத்தனைக்கும் அந்த அறையில் இடம் இருக்கிறது, இரண்டு ஆட்களுக்கு இடம் இல்லையா? இன்னொரு குறையும் முணுமுணுக்கப்பட்டது. குளியலறைக் கதவில் நான் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் பற்றி. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு குளியலறை என்றால் அட்டவணை இல்லாமல் எப்படி நடக்கும்? மகனுக்கு ஏழு மணி. ஏழு ஐந்துக்கு உள்ளே போகிறான். தாமதம் என்று கதவைத் தட்டிச் சொன்னால் உள்ளிருந்து, "அப்பா, நான் பஸ் இல்ல" என்று கத்துகிறான். எந்த பஸ்ஸும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஆனாலும் நான் கத்தவில்லை. மாடியில் இருக்கும் கூட்டத்தைக் கொண்டே பேசினேன். "ஒரு கூட்டத்தைப் பிரிச்சா என்ன ஆகும்னு உங்க கண்ணு முன்னாலயே காட்டுறேன். நானே பிரிக்கிறேன். பிரிஞ்ச பெட்டி பிழைச்சா நீங்க தாராளமா போங்க, நானே வந்து உங்க சாமானைத் தூக்கி வைக்கிறேன். பிரிஞ்ச பெட்டி நாசமாப் போச்சுன்னா அந்தச் சாவியைத் திருப்பிக் குடுத்துடணும்" என்றேன். மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. "சரி மாமா, ஒத்துக்கிறோம்" என்றாள். தங்கள் வளர்ப்பு அப்படி. என் வீட்டுக்காரி, "பந்தயம் கட்டுற வயசா இது? அதுவும் ஈயை வச்சு" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரிப்பது எப்படி என்று தாங்கள் தொலைபேசியில் விளக்கினீர்கள். பாதிச் சட்டங்களைப் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், அவற்றில் இளம் முட்டைகள் இருக்க வேண்டும், ராணி ஒரு பெட்டியில்தான் இருக்கும், ராணி இல்லாத பெட்டியில் இருக்கும் தேனீக்கள் தாங்களாகவே ஒரு முட்டையைத் தேர்ந்தெடுத்து ஊட்டமாக ஊட்டி ராணியாக வளர்த்துக்கொள்ளும் என்றீர்கள். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஓட்டுநர் இல்லாத பேருந்தில் பயணிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தூக்கிவைத்துப் பால் கொடுத்து ஓட்டுநராக வளர்த்து வண்டியைக் கிளப்புவார்களாம்! தாங்கள் சொன்னதால் மரியாதைக்குத் தலையாட்டினேன். ஆனால் என் திட்டம் அப்பொழுதே முடிவாகிவிட்டது. ராணி பழைய பெட்டியில், பழைய இடத்தில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும். பிரிந்துபோகும் பெட்டிக்கு ராணி கிடையாது. பிழைக்கட்டும் பார்க்கலாம்.

ராணி எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் நான். மற்றவற்றைவிடப் பருமனான உடம்பு, அகலமான தோள், கம்பீரமான ரீங்காரம். ஒரு வேலையும் செய்வதில்லை. பூவுக்குப் போவதில்லை, அடை கட்டுவதில்லை, தண்ணீர் எடுப்பதில்லை. மற்றவை வந்து வாயில் ஊட்டிவிடும். மதியம் வெயில் ஏறினதும் மேற்பார்வைக்குக் கிளம்புவார், சாயங்காலம் சாப்பிட வந்துவிடுவார். ஒரு வீட்டின் தலைமை என்றால் இப்படித்தானே இருக்கும்? கண்டதும் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றியது. அவரை அடையாளம் வைத்துக்கொள்ள, மருமகளின் நகப்பூச்சை ஒரு ஈர்க்குச்சியில் தொட்டு முதுகில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். கொட்டவே இல்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரித்த நாள் காலையில் மகன் புகை போடும் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பழைய சாக்குத்துணி புகைந்தது. மருமகள் சட்டங்களை வாங்கி வைத்தாள். நான் ஒவ்வொரு சட்டமாக எடுத்துப் பார்த்தேன். பொட்டு வைத்தவர் இருந்த சட்டத்தைத் தனியாகப் பத்திரப்படுத்தி, பழைய பெட்டியில் நடுநாயகமாக வைத்தேன். மீதியில் பாதியை, எது கைக்கு வந்ததோ அதை, முட்டைகளும் குஞ்சுகளும் இருக்கும்படி புதுப் பெட்டியில் வைத்து, அதைத் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், மாடியின் அந்தக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். மருமகள் மட்டும், "மாமா, இந்தச் சட்டத்துல ஒண்ணு நீளமா, ஒல்லியா ஓடுது பாருங்க" என்றாள். "ஒல்லியா இருந்தா ஊட்டச்சத்துக் குறைவு. போடு உள்ள" என்றேன். போட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று மதியமே வெற்றி எனக்குத்தான். புதுப் பெட்டியிலிருந்து வெளியே பறந்துபோன அனுபவசாலித் தேனீக்கள் ஒன்றுகூட அங்கே திரும்பவில்லை. எல்லாம் பழைய பெட்டிக்கு, பழைய வாசலுக்கு வந்து இறங்கின. வெளியே போய்ப் பழகின தேனீ பழகின இடத்துக்குத்தான் திரும்பும் என்று தாங்கள்கூட ஒரு தடவை சொன்னீர்கள். எந்த வண்டி எந்த ஷெட்டுக்கு வரவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பொழுது இரண்டு கண்ணும் இருந்தன. புதுப் பெட்டியில் மிஞ்சியது வெளியே தலை காட்டியிராத பொடிசுகள்தான். "பாத்தியா? பெரியவங்க எல்லாரும் வீடு திரும்பிட்டாங்க. அங்க இருக்கிறது எதுவும் தெரியாத சின்னதுங்க. சாப்பாடு கொண்டுவர ஆளில்ல" என்று மகனிடம் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

இனி எழுதப்போவது தங்களுக்கும் எனக்கும் மட்டும். மறுநாள் சும்மா ஒரு பார்வைக்காகக் கொடிப்பக்கம் போனேன். அந்தச் சின்னதுகள் வாசலில் வந்து நின்றுகொண்டு, பறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. வரிசையாக எறும்பு வேறு ஏறிக்கொண்டிருந்தது. பந்தயம் பந்தயம்தான், ஆனால் என் மாடியில் எறும்பு ஏறி ஒரு பெட்டி அழிந்தது என்றால் நிர்வாகம் சரியில்லை என்றுதானே ஆகும்? ஆகவே பெட்டியின் நான்கு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். வெயில் நேராக அடித்தது, ஒரு பழைய போர்வையைக் கட்டி நிழல் கொடுத்தேன். சர்க்கரையைக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி, மூழ்கிவிடாமலிருக்கக் குச்சிகளும் போட்டு உள்ளே வைத்தேன். இது உதவி அல்ல. ஒழுங்கு. தினமும் வைத்தேன், ஒழுங்கு என்றால் தினமும் இருக்க வேண்டும் அல்லவா. வீட்டில் கேள்வி வந்தது.

"என்னங்க, சர்க்கரை டப்பா காலியா இருக்கே?"

"எறும்பு."

"எறும்பு கரண்டியோடவா வந்துச்சு? கரண்டியையும் காணோம்."

"பெரிய எறும்பா இருக்கும்."

என் வீட்டுக்காரி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் டப்பா தானாக நிறைந்திருந்தது. மருமகள் கடையிலிருந்து வரும்போது வாங்கி வந்திருக்கிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுபோல எல்லாரும் நடந்துகொண்டார்கள். நானும் நடந்துகொண்டேன்.

ஒரு வாரம், பத்து நாள் போனது. இரண்டு பெட்டியின் நிலவரமும் எனக்குப் பிடிக்காத விதமாக மாறியது. கொடிப்பக்கத்துப் பெட்டியில் மகரந்தம் மூட்டை மூட்டையாக இறங்குகிறது, அமைதியாக, கண்ணியமாக. என் பக்கத்துப் பெட்டியிலோ ஒரே கூச்சல். பணிமனையில் சம்பளம் தாமதமான நாளில் கேட்கும் சத்தம். நாற்காலி போட விடவில்லை, விரட்டின. பொட்டு வைத்தவர் மட்டும் இரண்டு பெட்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தார். எங்கே போனாலும் உள்ளே விட்டார்கள். ராணி என்றால் அப்படித்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு நாள் மதியம் கொடிப்பக்கத்துப் பெட்டியின் வாசலில் என் கண் முன்னாலேயே இரண்டு சாதாரண வேலைக்காரத் தேனீக்கள் அவருடைய இறக்கையைக் கடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, வெளியே தள்ளின. மறுபடி நுழையப் பார்த்தார். மறுபடி தள்ளின. கூப்பாடு போட்டு எல்லோரையும் மேலே வரவழைத்தேன். "புரட்சி! ராணியை வெளிய தள்ளுறாங்க!" என்றேன்.

மகன் குனிந்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்து பார்த்தான்.

"அப்பா, இது ராணி இல்ல."

"பின்ன யாரு?"

"ஆண் தேனீ. கண்ணைப் பாருங்க, தலை முழுக்கக் கண்ணுதான். நான் தினமும் கண்ணைப் பாக்கிறவன், என்கிட்ட வாதம் பண்ணாதீங்க. கொடுக்கே கிடையாது இதுக்கு."

"கொடுக்கு இல்லன்னா நல்லவர்னு அர்த்தம்."

"சாப்பிடும், சுத்தும், சாப்பிட வரும். அவ்வளவுதான் வேலை. கூட்டுக்குத் தோணினா ஒரு நாள் வெளிய தள்ளிடும்."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பொட்டு வைத்தவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்காக இருக்கலாம்.

பிறகு மகன் கொடிப்பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். அறைக்கு ஒன்றாக வெள்ளை வெள்ளையாக முட்டை. அவற்றின் நடுவே நீளமாக, ஒல்லியாக, பொட்டு கிட்டு எதுவும் இல்லாமல், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் வேலையே கண்ணாக ஓடிக்கொண்டிருந்தது ராணி. நான் ஊட்டச்சத்துக் குறைவு என்று சொன்னதுதான். "ஏம்மா, உனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று மருமகளைக் கேட்டேன். "சந்தேகமா இருந்துச்சு மாமா. நீங்கதான் போடு உள்ளன்னு சொன்னீங்க" என்றாள். இதற்கு நான் என்ன சொல்வது? சொன்னேன்தான். பழைய பெட்டிக்கு ராணியே இல்லை என்று இப்படித் தெரிந்ததும் நம்பாமல் அதைத் திறந்து பார்த்தேன். முகவலையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வர நேரமில்லை. அதன் பலன்தான் என் இடது கண். ஒரு விஷயம் மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்: அடையின் ஓரத்தில் வேர்க்கடலைபோல இரண்டு மூன்று அறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ராணியை வளர்க்கிறார்களாம். தாங்கள் சொன்னபடியே, அந்தப் பயணிகள் கதை.

"பிரிஞ்ச பெட்டி பிழைச்சிடுச்சுப்பா" என்றான் மகன். பரிதாபமாகச் சொன்னான். ஐஸ்கட்டியை என் கண்ணில் வைத்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கே ஒரு சூட்கேஸ் பரணிலிருந்து கீழே இறங்கியது.

சம்பந்தி, என்னை அவ்வளவு சுலபமாக மடக்கிவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தபோது தெளிவு பிறந்தது. எது பிரிந்துபோன பெட்டி? எல்லாரும் கொடிப்பக்கத்துப் பெட்டி என்கிறார்கள். எதை வைத்து? இடத்தை வைத்து. தப்பு! இடமா வீடு? சுவரா வீடு? பலகையா வீடு? ராணி எங்கே இருக்கிறதோ அதுதான் தாய்வீடு. இதைச் சின்னக் குழந்தையும் ஒத்துக்கொள்ளும். ஆகவே கொடிப்பக்கத்தில் இருப்பதுதான் மூலக் கூட்டம். அது செழிப்பாக இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். ராணி இல்லாமல் பழைய இடத்தில் தங்கிவிட்டதே, அதுதான் தாயை விட்டுப் பிரிந்த கூட்டம். அதன் லட்சணம் என் முகத்தில் இருக்கிறது. கூச்சல், சண்டை, பெரியவர் என்று பார்க்காமல் கொட்டுதல். பிரிந்த கூட்டம் நாசமாகிவிட்டது. ஆக, பந்தயத்தில் ஜெயித்தது நான். இதை வீட்டில் எடுத்துச் சொன்னால், "ஐஸ் கரைஞ்சுடுச்சுப்பா, வேற கொண்டுவரவா?" என்கிறான். வாதத்துக்குப் பதில் ஐஸா?

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு உதவி. தேனீ விஷயத்தில் தங்கள் வார்த்தைக்குத் தங்கள் மகள் கட்டுப்படுவாள். 'ராணி இருக்கும் இடமே தாய்வீடு, பழைய இடத்துப் பெட்டியே பிரிந்த பெட்டி, மாமா சொல்வது சரி' என்று ஒரு வரி, தங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். நான் எனக்காகக் கேட்கவில்லை. காலையில் ஏழு ஐந்துக்குக் கதவைத் தட்டித் திட்ட ஒருவன் இல்லை என்றால் அந்த அட்டவணைக்கு என்ன மதிப்பு? சாப்பாட்டு மேசையில் நான்கு நாற்காலி. அதில் இரண்டு காலியாக இருந்தால் எதிர்ப்பக்கத்துச் சுவரில் உள்ள விரிசல் நேராக என் கண்ணில் படும். விரிசலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? கட்டிலடிச் சட்டங்களை வேண்டுமானால் வேறு எங்காவது மாற்றலாமா என்று யோசிக்கத் தயாராக இருக்கிறேன். யோசிக்க மட்டும்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் நீண்ட ஆயுளும் கொட்டாத தேனீயும் வாய்க்க வேண்டும். வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு என் ஆசிகளையும், பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், தங்கள் பெட்டிகளில் உள்ளவற்றுக்கு என் கண்டனத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் வீக்கமும் குறையாத
சம்பந்தி

பி.கு: மேலே உள்ளதை எழுதிச் சில வாரம் ஆகிறது, இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. தபால்தலை ஒட்டுவதற்குள் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்ததால் என் வீட்டுக்காரியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். "ராணி இருக்கிற இடந்தான் தாய்வீடுன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். "ஆமா, அதுல என்ன தப்பு?" என்றேன். "தப்பே இல்ல. அழகா எழுதியிருக்கீங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் என் எழுத்தைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை, அதனால் நான் உஷாராக இருக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். "ஏம்மா, அந்த வாடகை வீட்டுச் சாவியை இப்படிக் குடு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, எதுக்கு அலையணும்? நீங்க இங்கயே இருங்க, நாங்க போறோம்" என்று மருமகளிடம் கேட்டு வாங்கிவிட்டாள். மகன் அழமாட்டாக் குறையாக, "அம்மா, அப்படி எல்லாம் வேண்டாம்மா" என்றான். "சும்மா இருடா. எனக்கும் அந்த வீட்டு ஜன்னல் புடிச்சிருக்கு" என்றாள். எப்பொழுது போய்ப் பார்த்தாளோ! பிறகு என் பக்கம் திரும்பினாள். "ராணி கிளம்பியாச்சு. நீங்க எழுதின கணக்குப்படி தாய்வீடு இனிமே அங்கதான். நீங்க வர்றீங்களா, இல்ல முதுகுல பொட்டு வச்சுக்கிட்டு இங்கயே வாசல்ல நிக்கிறீங்களா?"

வந்துவிட்டேன். தேனீக்காகத்தான். கொடிப்பக்கத்துப் பெட்டியையும் கட்டிலடிச் சட்டங்களையும் கொண்டுவந்தாயிற்று. இரண்டே தெரு என்பதால் பறந்து பழகினவை எல்லாம் பழைய மாடிக்கே திரும்பிப் போய், அங்கே இருக்கும் பெட்டியில் சேர்ந்துகொண்டன. அந்தப் பெட்டியில் வேர்க்கடலையிலிருந்து வந்த புது ராணி முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டதாம், கொட்டுவதும் நின்றுவிட்டதாம். நான் வெளியேறியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மகன் சொல்கிறான். அட்டவணையை இந்த வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இருப்பது இரண்டே பேர், இருந்தும் தாமதம். ஆகவே மேலே கேட்ட அந்த ஒரு வரியைத் தாங்கள் எழுத வேண்டாம். இந்தப் பின்குறிப்புக்கு வருமுன்பே எழுதியிருந்தால் கிழித்துவிடவும். தங்கள் மகள் கண்ணில் அது படவே கூடாது.

கடைசியாக ஒன்று. தினமும் காலையில் பால் வாங்கப் போகிறேன். கடையிலிருந்து திரும்பும்போது, வழியில் கவனிக்க வேண்டியவை நிறைய இருப்பதால், நிமிர்ந்து பார்த்தால் பழைய வீட்டு வாசலில் நிற்கிறேன். வழி தவறவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மருமகள் கதவைத் திறந்து, எதுவுமே நடக்காததுபோலப் பாலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க மாமா, காபி ஆகுது" என்றாள். குடித்தேன். மறுநாளும் அப்படியே. இப்பொழுதெல்லாம் இன்னொரு பால் பாக்கெட்டைத் தயாராக வாங்கி வைத்திருக்கிறாள். நான் டம்ளரைக் கீழே வைத்ததும் அதை என் கையில் கொடுத்து, "நேரமாச்சு மாமா, அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று என்னை வாசல் வரை கொண்டுவந்து அனுப்புகிறாள். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. வண்டியை நேரத்துக்கு எடுக்கத் தெரிந்த பெண். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறாள். எல்லாம் நான் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.